மாதப் பெயர்கள் முடியும் இடம்: மதுரையின் நகரமைப்பில் காலனி ஆட்சி வரைந்த கோடுகள்

மதுரையின் நடுவிலிருந்து வெளிப்புறமாக நடந்து வருபவர், வீதிகளின் பெயர்களைக் கொண்டே ஊரின் வரலாற்றைப் பெருமளவு படித்துவிடலாம். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, மதிலை ஒட்டிச் சித்திரை வீதி, அதற்கடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. சுவாமி எந்தத் திருவிழாவில் எந்த வீதியில் உலா வருவார் என்பதே வீதியின் அடையாளமாக இருந்த காலத்தில் பிறந்த பெயர்கள் இவை. மாசி வீதியைத் தாண்டியதும் மாதப் பெயர்கள் முடிந்துவிடுகின்றன. அங்கே மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வருகின்றன. முன்னது ஓர் ஆங்கிலேய நில அளவையாளரின் பெயர்; பின்னது அவரோடு வேலை பார்த்த மேஸ்திரியின் பெயர். இவற்றுக்கும் அப்பால் ஊரைச் சுற்றி வருவது வெளி வீதி. எதற்கு வெளியே என்று கேட்டால், கோட்டைக்கு வெளியே என்பதுதான் விடை. அந்தக் கோட்டை இப்போது இல்லை.

மேற்கு வெளி வீதியில், பெரியார் பேருந்து நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவே, மேற்குக் கோட்டை வாசலின் ஒரு துண்டு மட்டும் எஞ்சி நிற்கிறது. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களில் பலர் அதை ஒரு பழைய சுவர் என்றே கடந்துபோகிறார்கள். கோட்டை போனதைப் பற்றி வருந்துவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அதை இடித்த ஆட்சி, இடித்த இடத்தில் எதை வைத்தது, நிலத்தை எப்படிப் பார்த்தது, அந்தப் பார்வை இன்றைய நகரமைப்புக்குள் எவ்வாறு தொடர்கிறது என்பதே இங்கு பேசப்படுவது. காலனி ஆட்சியின் தாக்கம் என்றவுடன் நமக்குச் செங்கல் கட்டடங்களும் இரும்புப் பாலங்களும் நினைவுக்கு வருகின்றன. மதுரையைப் பொறுத்தவரை அவற்றைவிட ஆழமாகத் தங்கிவிட்டவை நில அளவைப் பதிவேடும், அதிலிருந்து வளர்ந்த சட்டமும், அவற்றால் பழகிப்போன அலுவலக வழக்கமும்தான்.

16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் இருந்தன என்பது ஊர் வழக்கு. 72 பாளையங்களோடு அவற்றைச் சேர்த்துப் பேசுவதும் உண்டு. சுற்றிலும் அகழி இருந்தது. அந்த மதிலின் வலிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டே அறிந்திருந்தது. தன்னிடம் தளபதியாக இருந்து பிறகு தன்னையே எதிர்த்த கான்சாகிப்பை அடக்க, 1763, 1764ஆம் ஆண்டுகளில் அது இந்தக் கோட்டையைத்தான் முற்றுகையிட வேண்டியிருந்தது. வெளியிலிருந்து உடைக்க முடியாமல், உள்ளிருந்தவர்களின் துரோகத்தால் அவர் பிடிபட்டு, 1764 அக்டோபரில் சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். நகரத்துக்குள் இன்றும் கான்சாமேட்டுத் தெரு அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1801இல் பாளையக்காரர்களின் எதிர்ப்பு நசுக்கப்பட்டு, ஆற்காட்டு நவாபின் பெயரில் இருந்த கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்த பிறகு, மதுரைக் கோட்டைக்கு உள்ளேயோ வெளியேயோ அஞ்சத்தக்க பகைவர் என்று யாரும் இல்லை. மதிலின் வேலை முடிந்துவிட்டது. நெரிசலுக்கும் சுகாதாரக் கேட்டுக்கும் காரணமாகும் ஒரு தடையாக அது பார்க்கப்படலாயிற்று.

1834 முதல் 1847 வரை மதுரையின் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் காலத்தில் மதில் இடிக்கப்பட்டு, அந்த மண்ணும் கல்லும் கொண்டே அகழி தூர்க்கப்பட்டது. இடித்துத் தூர்த்துக் கொடுத்தவர்களுக்கே அந்த இடம் மனையாகக் கிடைத்தது என்று ஊரில் சொல்வார்கள். எப்படியாயினும், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாதிருந்த ஒரு பெரிய வளையம் அளந்து, கோடு கிழித்து, தனியார் மனைகளாகவும் வீதிகளாகவும் மாறிற்று. திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகும் வழியில் நிற்கும் விளக்குத்தூண், பிளாக்பர்னின் நினைவாக நடப்பட்டது. அவர் செய்தது அந்தக் காலத்து மக்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையாகவே நன்மையாகப் பட்டது என்பதற்கு அந்தத் தூணே சான்று. மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்த ஊர் மூச்சுவிட இடம் பெற்றது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். புதிய வீதிகள் பழைய சதுரத்தின் வடிவத்தையே பின்பற்றின என்பது முதலாவது. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வெளி வீதியும், கோயிலை நடுவாகக் கொண்ட அடுக்குகளின் தொடர்ச்சி போலவே அமைந்தன. மதில் ஓடிய திசையிலேயே வீதி ஓடியது. அதனால்தான் வரைபடத்தில் பார்க்கும்போது நாயக்கர் காலத்து ஊர் எங்கே முடிந்தது, ஆங்கிலேயர் காலத்து ஊர் எங்கே தொடங்கியது என்று சட்டெனப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. இரண்டாவது செய்தி அதைவிட முக்கியமானது. உள்வீதிகள் ஊர்வலத்துக்காக அமைந்தவை. அவற்றின் அகலத்தைத் தேரின் அகலமும், அதன் வடம் பிடிக்கும் கூட்டமும் தீர்மானித்தன. வெளிப்புறத்துப் புதிய வீதிகளை வண்டிப் போக்குவரத்தும் மனையின் விலையும் தீர்மானித்தன. வடிவம் ஒன்றுபோல் இருந்தாலும், நிலம் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கான பதில் மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையில் மாறிவிட்டது.

பழைய ஒழுங்கை நான் புனிதமாக்கவில்லை. கோயிலைச் சுற்றிய வீதிகளில் யார் குடியிருக்கலாம், யார் எதுவரை வரலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர் இது. 1939 ஜூலை 8 அன்றுதான் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். காலனி ஆட்சியின் நகராட்சி அந்தப் படிநிலையைக் கலைக்கவுமில்லை. 1866இல் மதுரை நகராட்சி உருவானபோது தெருக்கூட்டலும் கழிவகற்றலும் அரசின் பொறுப்பாயின. ஆனால் அந்த வேலையைச் செய்யக் குறிப்பிட்ட சாதியினரே அமர்த்தப்பட்டு, வேலையும் குடியிருப்பும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் குடியிருப்புக்கு மேலவாசல் என்று பெயர். கோட்டையின் மேற்கு வாசல் இருந்த இடத்தின் பெயர் அது. வாசல் போய்விட்டது, வாசலுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவர்களின் இடம் சம்பளப் பட்டியலின் வழியாக நிலைபெற்றுவிட்டது.

1875இல் திருச்சியிலிருந்து ரயில் பாதை மதுரைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அது தூத்துக்குடித் துறைமுகம்வரை நீண்டது. பஞ்சும் பிற விளைபொருள்களும் துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அந்தப் பாதையின் முதன்மையான பொருளாதாரக் காரணம். மதுரை அதன் நடுவில் ஒரு நிலையம். நிலையம் ஊரின் மேற்கே, வெளி வீதிக்கு அப்பால் அமைந்தது. இந்த ஒரு முடிவு ஊரின் முகத்தையே திருப்பிவிட்டது என்று சொல்லலாம். மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு நோக்கியது. புதுமண்டபமும் முற்றுப்பெறாத ராயகோபுரமும் கிழக்கில்தான் இருக்கின்றன. பெரிய வரவேற்பெல்லாம் அந்தப் பக்கத்துக்காகக் கட்டப்பட்டவை. ரயில் வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் மேற்கிலிருந்து வரலானார்கள். நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் சத்திரம், அங்கிருந்து கோயிலின் மேலக் கோபுரத்தை நோக்கி நேராக டவுன்ஹால் ரோடு, அதன் இருபுறமும் தங்கும் விடுதிகள், உணவகங்கள், ஜவுளிக்கடைகள். இன்று மதுரைக்கு முதன்முறையாக வருகிற ஒருவர் கோயிலை அதன் பின்புறத்திலிருந்தே முதலில் பார்க்கிறார்.

பஞ்சாலைகளும் அதே மேற்கைத் தேடிச் சென்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் நிறுவிய ஆலை ரயில் பாதையை ஒட்டியே எழுந்தது. ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின; பின்னாளில் திருப்பரங்குன்றம் பக்கம் ஆலைத் தொழிலாளர்களுக்காகவே ஹார்விபட்டி அமைந்தது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 52,000 ஆக இருந்த மதுரையின் மக்கள்தொகை 1901இல் சுமார் 1,06,000 ஆகியிருந்தது. முப்பது ஆண்டுகளில் ஊர் இரட்டித்தது. இரட்டித்த ஊரின் பெரும்பகுதி ஓர் ஆலைச் சங்கொலிக்கும் ஒரு ரயில் அட்டவணைக்கும் பழகிக்கொண்டது. அதே ரயில் பாதை ஊருக்குக் குறுக்கே ஒரு தடுப்பாகவும் கிடக்கிறது. மேற்கே அரசரடி, எஸ்.எஸ். காலனி, பொன்னகரம் என்று நகரம் எவ்வளவு வளர்ந்தாலும், கிழக்கிலிருந்து அங்கு போக ஒரு சில பாலங்களும் சுரங்கப்பாதைகளுமே வழி. பலத்த மழை பெய்தால் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி அந்த வழியும் அடைபடும். மதிலுக்காவது வாசல்கள் எங்கே என்று ஊரார் நெடுங்காலம் பழகியிருந்தார்கள். தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தை ஊரின் தேவையைவிடப் பாதையின் தேவையே முடிவு செய்தது. இன்றும் ஒரு பாலம் வேண்டுமென்றால் மாநகராட்சியும் ரயில்வேயும் ஆண்டுக்கணக்கில் பேச வேண்டியிருக்கிறது.

வைகைக்கு வடக்கே வேறொரு ஊர் உருவாயிற்று. ராணி மங்கம்மாளோடு சேர்த்துச் சொல்லப்படும் தமுக்கம் அரண்மனை ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டரின் இருப்பிடமாயிற்று. அதைச் சுற்றி அலுவலகங்களும் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும் குதிரைப் பந்தயத் திடலும் வந்தன. ரேஸ்கோர்ஸ் என்ற பெயரை மட்டும் இன்றும் மதுரைக்காரர்கள் சொல்கிறார்கள். 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டபோது, ஆற்றில் வெள்ளம் வந்தாலும் வடகரை அதிகாரிகள் தென்கரைச் சந்தைக்கு வந்துபோக முடிந்தது. பசுமலையில் 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடகரைக்கு இடம்பெயர்ந்தது. எர்ஸ்கின் மருத்துவமனை, இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனை, கோரிப்பாளையம் பக்கம் அமைந்தது. சென்னையில் வெள்ளையர் பட்டணம், கறுப்பர் பட்டணம் என்று மதில் எழுப்பிப் பிரித்ததைப் போன்ற கடுமை மதுரையில் இருந்ததில்லை. இங்கே ஆறே அந்த வேலையைச் செய்தது: தென்கரையில் கோயிலும் கடைவீதியும் நெருக்கமும், வடகரையில் ஆட்சியும் மரநிழலும் அகன்ற சாலையும்.

விடுதலைக்குப் பிறகு இந்தப் பிரிவு மங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1959இல் தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் வந்தது. அது பொருத்தமான மாற்றம், கலெக்டரின் வீடு மக்கள் வந்துபோகும் இடமாயிற்று. ஆனால் அதன்பின் வந்த பெரிய நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கிலேயே இறங்கின. மாநகராட்சி அலுவலகம், 1999இல் மாட்டுத்தாவணி ஒருங்கிணைந்த பேருந்து நிலையம், 2004இல் உயர் நீதிமன்றக் கிளை, 2023இல் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், அதே சாலையில் 7 கிலோமீட்டருக்கும் நீளமான பறக்கும் பாலம். அரசு நிலம் அங்கே இருந்தது, அகன்ற சாலை அங்கே இருந்தது, அதிகாரிகள் அங்கே இருந்தார்கள். ஆகவே அடுத்த கட்டடமும் அங்கேயே போயிற்று. யாரும் உட்கார்ந்து தென்கரையைப் புறக்கணிக்கத் திட்டமிட்டிருக்கத் தேவையில்லை. முதல் கோடு போட்டவர் போய்விட்டாலும், அடுத்தடுத்த முடிவுகள் அந்தக் கோட்டின் மீதே எளிதாக நடக்கின்றன. காலனி ஆட்சியின் நகரமைப்பு நீடிப்பது பெரும்பாலும் இவ்வாறுதான். கொள்கையாக அன்று, வசதியாக.

இனி கண்மாய்களுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு ஆதங்கம் அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வடகரைப் பேட்டைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், தத்தனேரி, உலகனேரி. தென்கரையில் மாடக்குளம். குளமும் ஏரியும் பெயரில் நிற்கின்றன. பல இடங்களில் நீர் இல்லை. மதுரை ஆண்டு முழுவதும் ஓடும் ஆற்றின் கரையில் அமைந்த ஊர் அன்று. வைகை சில மாதங்களே ஓடும். வந்த வெள்ளத்தைப் பிடித்து வைக்கத்தான் கண்மாய்கள். வரத்துக் கால்வாய் வழியாக நீர் வந்து, கண்மாய் நிரம்பி, கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயை நிரப்பும். ஒன்றின் உபரிநீர்ப் பாதைதான் மற்றொன்றின் வரத்து. இந்தத் தொடரில் ஒரு கண்மாயை எடுத்துவிட்டால், அது ஒரு குளத்தின் இழப்போடு நிற்பதில்லை. மேலே உள்ளதற்குப் போக்கிடம் இல்லாமலும், கீழே உள்ளதற்கு வரத்து இல்லாமலும் போகும். நீர்க்கட்டிகள் மடையைத் திறந்து மூடினார்கள். கோடையில் ஊர் கூடி வரத்துக் கால்வாயை வெட்டிச் சீர்செய்தது. அதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

உழவரிடமிருந்து அரசே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையில் நிலத்தை அளந்த வருவாய்த் துறை, ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அது தரும் தீர்வையை, அதாவது நிலவரியைக் கொண்டு வகைப்படுத்தியது. நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்பவை தீர்வை தருபவை. தீர்வை தராதவை புறம்போக்கு. சாலை, சுடுகாடு, மேய்ச்சல் தரை, ஓடை, கண்மாய் எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் போய்ச் சேர்ந்தன. சொல் நம்முடையது; கணக்கிலிருந்து புறத்தே போவது என்ற அதன் பொருளும் பழையது. ஆனால் ஊர்ப் பொதுவாக இருந்த நிலம் முழுவதும் அரசுக்குச் சொந்தமான, வேறு பயனுக்குக் கொடுக்கத்தக்க நிலமாக ஆனது அந்தப் பதிவேட்டின் மூலம்தான். கண்மாய்க்குத் தனி மதிப்பு என்பது அதன் நீர் பாயும் வயல்பரப்பான ஆயக்கட்டில் விளைகிற நஞ்சைத் தீர்வையே. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. வெள்ளக் காலத்தில் கரை உடையாமல் காப்பது, வழக்கமான மராமத்தைச் செய்வது போன்றவற்றுக்கு ஊராரைச் சட்டப்படி வரவழைக்கலாம் என்றாயிற்று. தம்முடையது என்று செய்த வேலை, செய்யாவிட்டால் தண்டனை என்ற வேலையாக மாறியபோது, அதைத் தாங்கியிருந்த ஊர் ஒழுங்கு தளர்ந்துபோனது. உள்ளூர்ப் படிநிலையும் அந்த ஒழுங்கில் இருந்தது. கரையில் மண் சுமந்தவர்கள் எல்லோரும் மடை நீரில் பங்கு பெற்றதில்லை. அதைச் சரிசெய்யும் நோக்கம் புதிய சட்டத்துக்கும் இல்லை.

நகரம் பெருகியபோது என்ன ஆயிற்று என்பதை இந்தக் கணக்கிலிருந்தே ஊகிக்கலாம். ஆயக்கட்டு வயல்கள் வீட்டுமனைகளாயின. வயல் இல்லாதபோது பாசனம் இல்லை. பாசனம் இல்லாதபோது பதிவேட்டின்படி கண்மாய்க்கு வேலை இல்லை. வெள்ளத்தைத் தாங்குவது, நிலத்தடி நீரை ஊறவைப்பது, கோடையில் ஊரைக் குளிர்விப்பது ஆகிய வேலைகளுக்கு அந்தப் பதிவேட்டில் பத்தியே கிடையாது. எனவே அரசுக்கு ஒரு பெரிய வளாகம் தேவைப்படும்போது, யாரிடமும் விலைக்கு வாங்க வேண்டாத, யாரையும் வெளியேற்ற வேண்டாத, ஒரே சர்வே எண்ணில் பல ஏக்கர் கிடைக்கிற இடமாகக் கண்மாய் கண்ணில் பட்டது. உயர் நீதிமன்றக் கிளை உலகனேரியில் அமைந்தது இப்படித்தான். நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை அந்த வளாகத்திலிருந்தே நீதிபதிகள் விசாரிக்கிறார்கள் என்பதை யார் மீதும் குற்றமாக நான் சொல்லவில்லை. 150 ஆண்டுக் காலப் பதிவேடு ஒன்று எவ்வளவு இயல்பாக நமக்குள் ஊறியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

விளைவு மழைக்காலத்தில் தெரிகிறது. 2024 அக்டோபரில் பெய்த கனமழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்களிலும் வீடுகளிலும் வெள்ளம் புகுந்தது. செல்லூர்க் கண்மாயின் உபரி நீரை வைகைக்குக் கொண்டுபோகும் பந்தல்குடி வாய்க்கால் அந்த நீரைத் தாங்கவில்லை. மேலே இருந்த கண்மாய்கள் பிடித்து வைத்திருக்க வேண்டிய நீர், கீழே சுருங்கிப்போன ஒரு வாய்க்காலில் ஒரே இரவில் வந்து விழுந்தால் வேறு என்ன நடக்கும்? தெற்கே கிருதுமால் நதியின் கதையும் இதுதான். வைகையும் கிருதுமாலும் இரு மாலைகள்போல் மதுரையைச் சூழ்ந்ததாகச் சொல்லும் மரபு உண்டு. இன்றைய தலைமுறைக்கு அது ஒரு சாக்கடையின் பெயர்.

வேறு வழி யாருக்கும் தோன்றவில்லையா என்றால், தோன்றியது; அதுவும் காலனி ஆட்சிக் காலத்திலேயே. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெட்டிஸ் 1914ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு வந்து, மாகாண அரசின் அழைப்பின்பேரில் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். மதுரையும் அவற்றுள் ஒன்று. அவர் முதலில் வரைபடத்தை விரிக்காமல் தெருத்தெருவாக நடந்தார். நெரிசலான பகுதிக்குள் அகலச் சாலையை வெட்டி, வீடுகளை இடித்து, காற்றோட்டம் என்று பெயர் சூட்டும் பொறியாளர்களின் வழக்கத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். மிகச் சில இடங்களில் மட்டும் சிறிதளவு அகற்றி, பாழடைந்த மனையைச் சிறு திறந்தவெளியாக்கி, மரத்தையும் கோயிலையும் கிணற்றையும் காத்து, குடியிருப்போர் அங்கேயே தொடர வழி செய்ய வேண்டும் என்பது அவர் முறை. கொசுவைக் காரணம் காட்டி இந்திய நகரங்களின் குளங்களைத் தூர்ப்பதையும் அவர் ஏற்கவில்லை. குளத்தைச் சுத்தப்படுத்தி மீன் வளர்த்தால் போதும் என்றார். அவரும் அந்த ஆட்சி அழைத்து வந்தவர்தான், அவருடைய பார்வையிலும் குறைகள் உண்டு. ஆயினும் ஒரு கோயில் நகரத்தின் வீதி அடுக்கைக் குழப்பமாகப் பார்க்காமல் திட்டமாகப் பார்த்த வெகு சில ஐரோப்பியரில் ஒருவர் அவர்.

சட்டம் அவர் காட்டிய திசையில் போகவில்லை. 1909இல் பிரிட்டனில் வந்த நகரமைப்புச் சட்டத்தின் தடத்தில் சென்னை நகரமைப்புச் சட்டம் 1920இல் வந்தது. அங்கே ஆலைப் புகையிலிருந்து வீட்டைப் பிரிக்கவும், ஊருக்கு வெளியே தோட்டம் சூழ்ந்த புறநகர்களை ஒழுங்காக அமைக்கவும் உருவான கருவிகள் அவை. காலியான நிலத்தில் மனை பிரிப்பதற்கு அவை பொருந்தும். மதுரையின் உள்வீதிகளுக்கு அவை எப்படிப் பொருந்தும்? மகாலைச் சுற்றியுள்ள சௌராஷ்டிரர் தெருக்களில் தறியும் சாயத்தொட்டியும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. சுங்குடிச் சேலையின் முடிச்சுகளைத் திண்ணையில் உட்கார்ந்து போட்டார்கள். நெல்பேட்டை, வெற்றிலைப்பேட்டை, வெண்கலக்கடைத் தெரு எல்லாம் கடையும் கிடங்கும் குடியிருப்பும் ஒன்றாகக் கலந்தவை. குடியிருப்புப் பகுதி, வணிகப் பகுதி, தொழில் பகுதி என்று வண்ணம் தீட்டும் வரைபடத்துக்கு இத்தகைய தெரு எப்போதுமே ஒரு விதிமீறல். 1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தது. வரைபடத்தின் வண்ணங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் 2013இல் புதிய சட்டம் இயற்றப்படும்வரை நடைமுறையில் இருந்தது. பொதுப்பயன் என்று அதிகாரி சொன்னால் நிலத்துக்குரியவர் விலையைப் பற்றி மட்டும் வாதாடலாம் என்பதுதான் அதன் சாரம்.

மண்ணிலிருந்து பிறந்த விதி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டர் தொலைவுக்குள் 9 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடம் எழுப்பக் கூடாது என்பது விதி. மீறல்கள் நிறைய உண்டு, வழக்குகளும் உண்டு. ஆனால் எந்த வெளிநாட்டுச் சட்டத்திலிருந்தும் எடுக்கப்படாமல், கோபுரம் தெரிய வேண்டும் என்ற ஊராரின் விருப்பத்திலிருந்து வந்த கட்டுப்பாடு என்பதால், அதை மீறுகிறவர்கூட அதன் காரணத்தைக் கேட்பதில்லை. கண்மாய்க்கு இப்படியொரு விதி ஊராரின் வாயிலிருந்து வராமல் போனது ஏன் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

2016 செப்டம்பரில் மதுரை ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெரியார் பேருந்து நிலையம் புதிதாகக் கட்டப்பட்டது, மாசி வீதிகள் சீரமைக்கப்பட்டன, வைகையின் இரு கரைகளிலும் சுவர் எழுப்பிச் சாலை போடப்பட்டது. ஆற்றுச் சாலைகளால் போக்குவரத்து எளிதாகியிருப்பதை அன்றாடம் அவ்வழியே போகிறவர்கள் மறுக்க மாட்டார்கள். அதற்கு விலையாக ஆற்றின் அகலம் குறைந்தது. அகழியைத் தூர்த்து வீதி கண்ட அதே கணக்கு இது: நீர் ஆண்டில் சில நாள் மட்டும் வரும் இடம், மற்ற நாட்களில் காலியிடம்.

சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும்போது, ஒவ்வொரு மூலையிலும் அதைத் திருப்புவதற்குக் கட்டை போடுபவர்கள் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திருப்பத்துக்கு இத்தனை அடி வேண்டும் என்பதால், ஆண்டு முழுவதும் மெல்லமெல்ல முன்னே நகர்ந்து வந்த கடைப் பந்தல்களும் படிகளும் அந்த நாளுக்கு முன் பின்வாங்க வேண்டியிருக்கிறது. எந்த அதிகாரியின் வரைபடத்தையும்விட அந்த ஒரு நாள்தான் மாசி வீதியின் அகலத்தை இத்தனை தலைமுறைகளாகக் காத்து வந்திருக்கிறது. கண்மாய்களுக்கும் அப்படி ஒரு நாள் இருந்தது. கோடையின் முடிவில், மழைக்கு முன், மண்வெட்டியோடு ஊர் கூடி வரத்துக் கால்வாயின் முழு நீளத்துக்கும் நடந்த நாள் அது. யார் கரையை வெட்டி வயலோடு சேர்த்திருக்கிறார், எங்கே மடை அடைபட்டிருக்கிறது என்பது அன்று எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். உலகனேரிக்கும் தல்லாகுளத்துக்கும் அந்த நடை நின்று வெகுகாலம் ஆகிறது. செல்லூரில் தண்ணீர் புகுந்த வீடுகளில் இருப்பவர்கள் இப்போது மழைக்கு முன்பு பந்தல்குடி வாய்க்காலைப் போய் எட்டிப் பார்க்கிறார்கள், ஆகாயத்தாமரை அகற்றப்பட்டிருக்கிறதா என்று.